தபதியின் கல்வி

திருக்கோயிலுட் புகுந்து மூலவரைத் தொழுது மீளும் அடியாருட் பலர், அத்திருவுருவத்தைச் செய்த கை யாருடையது என்று ஒருகாலும் எண்ணுவதில்லை. எண்ணாமையே முறையென்றும் கூறலாம். கும்பாபிடேகம் நிறைவேறிய பின்னர் அது சிற்பி செய்த பொருளென நில்லாது, இறைவன் வீற்றிருந்து அருள் செய்யும் இடமாகின்றது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் ஆலயத்தையும் அரனெனவே கண்டு வழிபடுமாறு பணிப்பதும் இக்கருத்துப் பற்றியே. ஆயினும் அவ்வுருவம் அந்நிலை எய்துதற்கு முன்னர்க் கல்லாய்க் கிடந்தது. கல் உருவாதற்கு ஒருவன் பல்லாண்டு கற்றான். அவன் கற்றது யாது, கற்ற முறை யாது என்பனவற்றைச் சைவ நன்மக்கள் அறிந்திருத்தல் கடனாம்.

இவ்விடயத்தில் இரண்டு பிழைபட்ட கொள்கைகள் உலவுகின்றன. சிற்ப நூல்கள் முடி முதல் அடி வரை எல்லா அளவுகளையும் முன்னமே விதித்துவிட்டமையால், நம் நாட்டுச் சிற்பி விதித்தவாறு செய்யும் கைத்தொழிலாளனேயன்றித் தானாகப் படைக்கும் கலைஞன் ஆகான் என்பது ஒன்று. மேனாட்டுச் சிற்ப வரலாறு பயின்றோருட் சிலர் இதனைத் துணிந்து கூறுவர். சிற்பக்கலை குடிவழியால் வருவதொன்றாகலின் அதனைக் கல்லூரியில் வைத்துப் பிறர்க்குக் கற்பித்தல் இயலாது என்பது மற்றொன்று. இதனைக் கூறுவோர் நம்மவரே. இவ்விரண்டும் எத்துணை மெய்ம்மையுடையன என்பதை, அண்மைக்காலத்தே வாழ்ந்த வை. கணபதி ஸ்தபதியின் கல்வி வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் தகும்.

கணபதி ஸ்தபதி 1927-ஆம் ஆண்டில், காரைக்குடிக்கு அணித்தாகிய பிள்ளையார்பட்டியிற் பிறந்தார். அவ்வூர்க் குன்றினைக் குடைந்து பண்டைப் பாண்டியர் காலத்தே அமைத்த கோயிலில், பாறையோடு ஒன்றாக இரண்டே திருக்கரங்களுடன் வலம்புரியாக வீற்றிருக்கும் கற்பக விநாயகரை அறியாத சைவர் இலர். கல்லைக் கொணர்ந்து உருவாக்குவது ஒரு முறை. கல் இருக்குமிடத்துக்குத் தான் சென்று, மலையினின்று பிரிக்காமலே உருவினை வெளிப்படுத்துவது பிறிதொரு முறை. பின்னையதில் ஒரு கீறு பிழைத்தாலும் மாற்றுக் கல் இல்லை. சிற்பியாதற்கு உரிய ஒரு பிள்ளை பிறந்து வளர்தற்கு இதனினும் ஏற்ற ஊர் அரிது.

தந்தையார் வைத்தியநாத ஸ்தபதி புகழ் வாய்ந்த சிற்பி. அக்காலத்துச் செட்டிநாட்டில் தபதிகளுக்கு வேலைக்குக் குறைவில்லை. நகரத்தார் பெருமக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சோழநாட்டிலும் பாண்டிநாட்டிலும் கோயில் கோயிலாகத் திருப்பணி செய்து வந்தனர். அத்திருப்பணிகளில் பழைய கல்வெட்டுக்களும் பழம்படிமங்களும் சில இடங்களில் அழிந்தொழிந்தன என்று வரலாற்றறிஞர் வருந்துவர், அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் அத்திருப்பணிகள் இல்லாதிருப்பின், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உளி பிடிக்கத் தெரிந்த குடும்பங்கள் எத்தனை எஞ்சியிருக்கும் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். பழையன சில இழந்தோம். பழைய கையை இழந்திலோம்.

சிற்பியின் இளமைக் கல்வி நூலில் தொடங்குவதன்று, உலையில் தொடங்குவது. கருங்கல்லில் வேலை செய்யும் உளி சிறிது பொழுதிலே முனை மழுங்கும். மழுங்கிய உளிகளை உலையிலிட்டுக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்துப் பதம் பிடித்துக் கொடுத்தல் பட்டறையில் இடைவிடாது நிகழ்வது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அவ்வேலையை அடுத்து நின்று காண்பர், பின்னர்த் தாமும் செய்வர். பதம் மிகின் முனை ஒடியும், குறையின் மடங்கும். இரும்பின் நிறம் மாறுவதைக் கண்ணாற் கண்டு இந்நொடியென்று அறிவதற்கு எந்நூலும் உதவாது. அதன்பின் கல்லை அறிதல். தட்டிய பொழுது மணியோசை போல ஒலிக்கும் கல் ஆண் கல்லென்றும், தாளவோசை பட ஒலிப்பது பெண் கல்லென்றும், ஓசையற்றது அலிக் கல்லென்றும் நூலோர் வகுப்பர். முதலது தேவர்க்கும், அடுத்தது தேவியர்க்கும், இறுதியது அடித்தளம் முதலியவற்றுக்கும் ஆம் என்பது விதி. இவ்வாறு பெயரிட்ட முறையை நகைப்பார் உளராயினும், உள்ளே விரிசலோ பொருக்கோ உடைய கல் ஓசை மந்தப்படும் என்பது கையிற் சுத்தி பிடித்த எவனும் அறிந்தது. செவியும் சிற்பிக்கு ஒரு கருவியே.

கையும் செவியும் இவ்வாறு பழகுங்கால், ஒருபுறம் கோடு எழுதும் பயிற்சி நடைபெறும். வளைவு பிழையாத கொடியும் தாமரையும் முதலில். கையும் முகமும் பின்னர். முழுவுருவம் அதற்கும் பின்னர். இவ்வரைவுகளோடுதான் அளவு நூல் வந்து சேர்கின்றது. ஈண்டே முதற் கொள்கையினர் இடறுவர் ஆதலின் இதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

காமிகம், காரணம் முதலிய சிவாகமங்களிலும், மயமதம், மானசாரம், காசிபம் முதலிய சிற்ப நூல்களிலும் படிம இலக்கணம் கூறப்பெற்றுள்ளது. தாலம் என்பது அதன் அடிப்படை. சிவபிரான் திருவுருவத்துக்கு உத்தம தசதாலமும், உமையம்மை முதலிய தேவியர்க்கு மத்திம தசதாலமும், விநாயகர்க்குப் பஞ்சதாலமும் விதிக்கப்பெற்றன. உத்தம தசதாலத்தில் உருவின் முழு உயரம் 124 அங்குலம், மத்திமத்தில் 120. இவ்வங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று என்பதை ஊன்றி நோக்குக. உருவின் உயரத்தை 124 கூறாக்கினால் வரும் ஒரு கூறே அவ்வுருவின் அங்குலம். இதனைத் தேகாங்குலம் என்பர். அளவுகோலால் 62 அங்குல உயரமுள்ள படிமத்தில் ஒரு கூறு அரை அங்குலமாம். கையடக்கமான படிமத்தில் அது நூலிழையளவாகச் சுருங்கும். ஒவ்வொரு கூறும் மீண்டும் எட்டு யவையாகப் பிரியும். ஆகவே நூல் கூறுவது அளவு அன்று, அளவுகளுக்குள்ள உறவு. முகமும், மார்பு வரையும், மார்பினின்று உந்தி வரையும் ஒத்த நீளம். தொடை அதனின் இருமடங்கு. கணைக்கால் தொடைக்கு ஒப்பு. கழுத்தும் முழங்காலும் அடியும் தம்முள் ஒப்பு. இசையில் சுரங்களுக்குள்ள இடைவெளியை வரையறுத்தமையால் பாடுவோன் கலைஞன் ஆகான் என்று எவரேனும் கூறுவரோ?

மேலும், நூல் நெட்டளவோடு நின்றுவிடவில்லை. மானம், பிரமாணம், உன்மானம், பரிமாணம், உபமானம், இலம்பமானம் என அறுவகை அளவு கூறுகின்றது. உயரம், அகலம், கனம், சுற்றளவு, உறுப்புக்களின் இடைவெளி, தொங்கவிட்ட நூலினின்று உறுப்புக்கள் விலகும் அளவு என்பன முறையே அவற்றின் பொருள். கூத்தப்பிரானின் எடுத்த திருவடியும் வீசிய திருக்கரமும் ஒரு பக்கமே சாயாமல் நிற்பது இறுதியிற் கூறிய தூக்கு நூலால். இவ்வாறும் கணக்கு முழுதும் கூறிய நூல், புன்முறுவல் எத்துணை யவை என்று கூறிற்றில்லை. கூற இயலாதது என்று கண்டே அதனைக் கைக்கு விட்டது. ஒரே நூலைக் கொண்டு ஒரே உயரத்தில் இரு சிற்பிகள் செய்த சோமாக்கந்தரை அடுத்தடுத்து வைத்துக் கண்டவர் இதன் உண்மையை அறிவர். ஒன்று கண்டாரைத் தொழச் செய்யும். மற்றது பிழையின்றி இருக்கும்.

இனி, நூலோர் சிற்பியரை நால்வராக வகுத்தமையும் கல்விமுறைக்கு உரியதே. தபதி, சூத்திரக்கிராகி, தட்சகன், வர்த்தகி என்பார் அந்நால்வர். தட்சகன் கல்லும் மரமும் வெட்டுபவன். வர்த்தகி வெட்டியவற்றைப் பொருத்தி முடிப்பவன். சூத்திரக்கிராகி கயிறு பிடித்து அளப்பவன், அவன் தபதியின் மகனாகவோ மாணாக்கனாகவோ இருப்பான் என்பது மயமதம். மகன் என்று மட்டும் கூறாது மாணாக்கன் என்றும் கூறியது நோக்கத்தக்கது. குடிவழியன்றிப் பிறர்க்கு இக்கலை இல்லை என்போர் இவ்வொரு சொல்லுக்கு விடை கூறுதல் வேண்டும். எல்லாத் தொழிலும் அறிந்து எல்லாரையும் நடத்துபவன் தபதி. அவன் சாத்திரமும் கணிதமும் ஒழுக்கமும் உடையனாதல் வேண்டும். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டில் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது, அத்தகைய ஒருவனை அவ்வேந்தன் மதித்த மதிப்புக்குச் சான்று.

கணபதி ஸ்தபதியின் கல்வி இந்நிலையினின்றே வேறு வழியிற் சென்றது. தந்தையாரிடமும் குடும்பத்து மூத்தோரிடமும் உளித்தொழில் பயின்ற அவர், அத்துடன் நில்லாது காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் சேர்ந்து கணிதத்திற் பட்டம் பெற்றார். சிற்ப நூல்களை மூலத்திலே கற்றற்கு வடமொழியும் பயின்றார். இது சிறிய செய்தியன்று. அக்காலத்துத் தபதிகளுட் பலர் தம் தொழிலுக்கு வேண்டும் சுலோகங்களைக் கேள்வியால் நெஞ்சிற் பதித்து வழிவழி ஓதி வந்தவரே. சொல் சிதைந்த இடத்தும் கை சிதையாமல் வேலை நடந்தது. மறுபுறம், சிற்ப நூற் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த வடமொழி வல்லார்க்கு உளியின் எடை தெரியாது. அளவுச் சொல் ஒன்று வந்தால் அகராதியைப் பார்த்துப் பொருள் எழுதினர். கல்லின்மேல் வைத்துப் பார்த்திலர். இருகரைக்கும் இடையே பாலமாக நிற்றற்கு இருமொழியும் கணிதமும் கைத்தொழிலும் ஒருங்குடைய ஒருவர் வேண்டியிருந்தது. அவ்விடத்தை அவர் கல்வி நிரப்பிற்று.

பழனித் திருக்கோயிலிற் சில ஆண்டுகள் தபதியாகப் பணி செய்தபின், அவர் மாமல்லபுரம் சென்றார். சென்னை அரசாங்கத்தார் 1957-ஆம் ஆண்டில் அங்கே சிற்பப் பயிற்சிக் கூடம் ஒன்று தோற்றுவித்தனர். அதற்கு முதலில் தலைமை பூண்டவர் தந்தையார் வைத்தியநாத ஸ்தபதியே. அவருக்குப் பின் மைந்தர் அப்பொறுப்பை ஏற்று 1988-ஆம் ஆண்டு வரை 27 ஆண்டுகள் நடத்தினார். இடத்தின் பொருத்தம் வியக்கத்தக்கது. மாமல்லபுரத்தையடுத்த பூஞ்சேரிப் பாறையில் பல்லவர் காலத்துச் சிற்பியர் தம் பெயர்களைப் பொறித்து வைத்துள்ளனர். கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என அவை தொடரும். ஐந்து இரதங்களிலும் மண்டபங்களிலும் தம் பெயரை எழுதாத அவர்கள், அப்பாலே ஒரு வெற்றுப் பாறையில் எழுதினர்.

அரசாங்கப் பள்ளியாதலின் அங்கே இன்ன குடியிற் பிறந்தார்க்கே இடம் என்னும் வரையறை இல்லை. பரம்பரைச் சிற்பிகள் பிள்ளைகளோடு, வீட்டில் உளியையே காணாத பிள்ளைகளும் சேர்ந்தனர். பின்னர்ப் பெண்களும் பயின்றனர். கல், மரம், சுதை, உலோகம், கோயிற் கட்டடம் எனத் துறைகள் வகுக்கப்பெற்றன. நாளடைவில் அது கல்லூரியாகிப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் நிலை பெற்றது. தபதி என்னும் பழம் பட்டம் வேறு, பல்கலைக்கழகப் பட்டம் வேறு என்று முணுமுணுத்தோர் இருந்தனர். அவர் கூற்றிலும் ஓர் உண்மையுண்டு. வீட்டுப் பட்டறையில் பிள்ளை நாள் முழுதும் கல்லோசையிலே வளர்கின்றான்; வகுப்பில் மணியடித்தால் உளியை வைத்துவிட்டு எழுதப் போகின்றான். நான்காண்டில் பட்டம் கிடைக்கும். கை நான்காண்டில் முதிர்வதில்லை. ஆயினும் பட்டறையில் மட்டும் இருந்திருப்பின் இக்கலை சில குடும்பங்களின் எல்லையுள்ளே சுருங்கி, அக்குடும்பத்துப் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போனவுடன் அற்றுப்போயிருக்கும். கல்லூரியில் கற்றோர் பட்டம் பெற்ற பின்னரும் ஒரு தபதியின்கீழ்ச் சில ஆண்டுகள் இருந்து கை முதிர்தலே வழி. பலர் அவ்வாறே செய்கின்றனர். சிலர் செய்வதில்லை, கடற்கரைக் கடைகளில் ஒரே அச்சாக அடுக்கப்பட்டிருக்கும் பிள்ளையார்கள் அச்சிலரைக் காட்டிக் கொடுக்கின்றன.

இங்கே சைவர் கருதத்தக்கது ஒன்று உண்டு. மாணாக்கன் கூத்தப்பிரான் திருவுருவத்தைச் செய்யக் கற்கும்பொழுது துடி ஏந்திய கை, அமைந்த கை, அனல் ஏந்திய கை, ஊன்றிய திருவடி, தூக்கிய திருவடி என்பனவற்றின் அளவு கற்கின்றான். அவை முறையே படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலைக் குறிக்கும் என்று உண்மை விளக்கம் உரைக்கும் பொருளையும் அவன் கற்றானோ? அதனைக் கற்பித்தல் சிற்பக் கல்லூரியின் கடன் மட்டும் அன்று. சாத்திரம் அறிந்த நம் மடங்களும் சங்கங்களும் அச்சிறுவர்க்கு எத்தனை முறை பாடம் சொல்லின என்று தம்மைத் தாமே வினவுதல் நன்று. உருவினைத் தொழுவோர், உரு செய்வோனுக்கு அதன் பொருளைக் கூறாதிருந்து, பின்னர் உருவில் உயிரில்லை என்று குறை கூறுவது என்ன நியாயம்?

விதிகளுக்குட்பட்டுக் கற்றவன் விதி இல்லாவிடத்து என் செய்வான் என்பதே, அவன் கலைஞனோ அல்லனோ என்று அறிதற்குரிய உரைகல். கணபதி ஸ்தபதிக்கு அச்சோதனை கன்னியாகுமரியில் வந்தது. கடலிடைப் பாறைமேல் திருவள்ளுவர்க்குத் திருவுருவம் எடுக்க 1979-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. வேலை தொடங்கியது 1990-இல். திறப்பு 2000-ஆம் ஆண்டு சனவரி 1-ஆம் நாள். சிவனுக்கும் திருமாலுக்கும் தியான சுலோகம் உண்டு. திருவள்ளுவர்க்கு எந்த ஆகமத்திலும் இல்லை. தேவரல்லாத ஒரு புலவர்க்கு, கடற்காற்றும் அலையும் மோதும் இடத்தில், கோபுரம் ஒத்த உயரத்திற் கல்லுருவம் அமைத்த முன்மாதிரி நம் நாட்டில் இல்லை.

அவர் அளவையே பற்றிச் சென்றார். அதிகாரம் 133 ஆதலின் மொத்த உயரம் 133 அடி. அறத்துப்பால் அதிகாரம் 38 ஆதலின் பீடம் 38 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு உருவம் 95 அடி. அறத்தின்மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்பது இவ்வளவிலேயே அமைந்துவிட்டது. உயர்த்திய வலக்கையின் மூன்று விரல் முப்பாலைச் சுட்டும். முதலில் மரத்தால் மாதிரி உருச் செய்து, உடலின் நடுவே செல்லும் காயமத்திய சூத்திரம் என்னும் நேர்கோட்டைத் தேர்ந்து, அக்கோட்டின் வழியே உள்ளீடு வெற்றிடமாக விட்டுக் கற்களை அடுக்கினர். டன் கணக்கான எடையுள்ள கற்கள் ஒன்றன்மேலொன்று ஏறின. இவையெல்லாம் கணிதம். ஆனால் இடையிலே ஒரு சிறிய ஒசிவு வைத்தார். நேரே நின்றால் தூணாக நிற்கும். ஒசிந்து நிற்றலால் நடந்து வந்து நின்றவராகத் தோன்றுவர். கூத்தப்பிரான் திருவுருவத்திற் பயின்ற கையே அவ்வொசிவை வைத்தது என்பதைக் கண்டோர் உணர்வர். விதி இல்லாவிடத்து அவர் விதியை எறிந்துவிடவும் இல்லை, விதியில்லையென்று திகைத்து நிற்கவும் இல்லை. 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவ்வுருவத்தைச் சூழ்ந்து மோதி மீண்டது, உருவம் நின்றது.

அந்நியரும் அறிய எழுந்த அத்திருவுருவமே அவர் பெயரை உலகில் நாட்டிற்று எனினும், சைவர் நினைவிற்கு உரியது வேறொன்று. படிமம் நிறைவுற்றபின் தபதி நயனோன்மீலனம் செய்வான். பொன்னூசியால் கண்ணின் கருவட்டத்தைத் திறப்பது அச்சடங்கு. அதுகாறும் உருவம் அவன் கையில். கண் திறந்தவுடன் அவனுக்கு ஆடையும் பொருளும் அளித்துச் சிறப்புச் செய்து விடை கொடுப்பர். உளி பட்டதனால் உண்டான குற்றம் நீங்கச் சுத்தி செய்து ஆசாரியர் மேற்கொள்வார். குடமுழுக்கின் பின்னர்த் தான் செய்த திருமேனியைத் தானே தீண்டும் உரிமை அவனுக்கு இல்லை. பிற அடியாரோடு வெளியே நின்று கைகூப்புவான். இதனை இழிவென்று கொள்வாரும் உளர். சிற்பியர்க்குரிய மதிப்பு மறுக்கப்பட்ட இடங்களில் அவர் கூறுவது தவறன்று. ஆயினும் யான் செய்தேன் என்பதை விடுதற்கு இதனினும் கடுமையான பயிற்சி வேறெத்தொழிலில் உண்டு?

அமெரிக்க நாட்டைச் சார்ந்த அவாயித் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில், யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளின் மாணாக்கராகிய சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் நிறுவிய ஆதீனம் உள்ளது. அவ்வடிகளும் 1927-ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். அங்கே இறைவன் கோயில் என்னும் கருங்கற் கோயிலுக்கு அமைப்பு வரைந்து கொடுத்தவர் கணபதி ஸ்தபதி. 1990-ஆம் ஆண்டு முதல் பெங்களூருக்கு அணித்தாகிய ஓரூரில் சிற்பியர் பொறிகளைத் தீண்டாது உளியும் சுத்தியும் கொண்டே கற்களைச் செதுக்கினர்; மழுங்கிய உளிகளைக் கூராக்க அங்கும் உலை எரிந்தது. செதுக்கிய கற்கள் கப்பலேறிச் சென்று தீவில் அடுக்கப்பெற்றன. இரும்பு சேராத அடித்தளத்தின்மீது அக்கோயில் நிற்கின்றது. சுவாமிகள் 2001-இலும், ஸ்தபதி 2011-ஆம் ஆண்டு செப்டம்பரிலும் மறைந்தனர். 2009-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூடண விருது அளித்திருந்தது. கோயில் முற்றுப்பெற்றுக் குடமுழுக்கு நிகழ்ந்தது 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். கருவறையில் எழுந்தருளியிருப்பது 700 பவுண்டு எடையுள்ள இயற்கைப் பளிங்கு இலிங்கம். நிலத்திலே தானே விளைந்த அதில் எச்சிற்பியின் உளியும் பட்டதில்லை.